மீன் கட்டிய ஏரிக்கரை

தூண்டிலைப் போட்டுவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவனைக் கண்டால், "வேலை வெட்டி இல்லாதவன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவது நம் ஊர்ப் பெரியவர்களின் வழக்கம். ஆங்கிலேயர்கள் விஷயமே வேறு. தூண்டில் போடுவதை அவர்கள் ஒரு பந்தயமாக்கினார்கள். பந்தயத்துக்குச் சட்டதிட்டங்கள் வகுத்தார்கள். அவற்றைக் காப்பாற்ற 1903-ஆம் ஆண்டில் ஒரு தேசியச் சம்மேளனமும் ஏற்படுத்திக்கொண்டார்கள். 1906-ல் அகில இங்கிலாந்துப் போட்டி தொடங்கிற்று. 1957-ல் பெல்ஜியம் நாட்டு லீஜ் நகரில் உலகப் போட்டியே நடந்துவிட்டது!

போட்டி நடக்கும் விதம் வேடிக்கையானது. கரை நெடுக இடைவெளி விட்டு முளை அடித்து எண் போட்டிருப்பார்கள். எந்த எண் யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானமாகும். ஒரே கோஷ்டிக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச முடியாது. கரையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவராகப் பிரிந்து போய்விட வேண்டும். விசில் ஊதியதும் தூண்டில் விழும். சில மணி நேரம் கழித்து மறு விசில். பிடித்த மீன்களைத் தண்ணீரிலேயே தொங்கும் நீண்ட வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். குழம்புக்கு ஒரு மீன் மிஞ்சாது! நம் வீட்டுப் பெண்மணிகள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஆனால் இந்த விளையாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நாட்டில் சால்மனும் டிரவுட்டும் சீமான்களின் மீன்கள். அவை துள்ளும் ஆறுகளும் பெரும்பாலும் சீமான்களுக்கே சொந்தம். மற்ற மீன்களுக்கெல்லாம் "மட்ட ரகம்" என்று பெயர் சூட்டி ஒதுக்கிவிட்டார்கள். ஷெபீல்டிலும் பர்மிங்ஹாமிலும் ஆறு நாள் இரும்போடு போராடிய தொழிலாளி, ஏழாவது நாள் ரயிலேறிப் போய்த் தூண்டில் போட்டது இந்த மட்ட ரக மீனுக்குத்தான். சீட்டுக் குலுக்கலில் மோசமான இடம் வந்தவனும் தன் கோஷ்டிக்காக இரண்டு பொடி மீனாவது பிடித்தாக வேண்டும். ஒருவன் கை ஓய்ந்தால் எல்லோருக்கும் தோல்வி.

நம் நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரர்களையும் இந்த மோகம் விடவில்லை. சென்னை மாகாண சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தரான ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர், இந்தியக் குளங்களிலும் ஏரிகளிலும் தூண்டில் போடுவது பற்றி 1887-ல் ஒரு தனிப் புத்தகமே வெளியிட்டார். துரைமார் குடை பிடித்து உட்கார்ந்து தூண்டில் போட்டதோடு சரி. கோஷ்டிப் பந்தயம் நம் கிராமங்களில் வேர் விடவில்லை. நம்மிடம் அதைவிடப் பெரிய கோஷ்டி ஏற்கெனவே இருந்ததுதான் காரணமோ என்னவோ!

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசிக் காட்டுவார். அதுதான் விசில். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து விடியுமுன்பே வந்து காத்திருந்த ஜனங்கள் ஊத்தாவும் வலையும் கையுமாக ஒரே சமயத்தில் இறங்குவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, 1952-ல் இலங்கையிலிருந்து விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாகிவிட்ட ஜிலேபிக் கெண்டை, எல்லாம் அகப்படும். இங்கே தராசு இல்லை. பிடித்தது பிடித்தவன் வீட்டு அடுப்புக்கு. துண்டு வீசும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது என்ற ஒன்றுதான் சட்டம்.

தராசுக்காரர்களையும் ஊத்தாக்காரர்களையும் பார்த்துவிட்டோம். இனி, இரண்டு கூட்டத்துக்கும் தோன்றாத ஒரு காரியத்தை மீனைக் கொண்டு செய்தவர்களைப் பார்க்க வட தமிழ்நாட்டுக்கு வர வேண்டும்.

ராஜா தேசிங்கின் மனைவி நினைவாகப் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ராணிப்பேட்டைக்குக் கிழக்கே, மகேந்திரவாடி என்ற கிராமம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்தான். அந்தக் கோயில் மகேந்திர தடாகத்தின் கரையில் இருக்கிறது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. அரசன் தன் பெயரை ஊருக்கு வைத்தான், கோயிலுக்கு வைத்தான், ஏரிக்கும் வைத்தான். அதே வட்டாரத்தில்தான் கடல் போன்ற காவேரிப்பாக்கம் ஏரியும் இருக்கிறது. 1858-ல் வாலாஜாப்பேட்டைக்கு அருகே பாலாற்றில் அணைக்கட்டு எழும்பியபின், ஆற்று வெள்ளம் கால்வாய் வழியாக இந்த இரண்டு ஏரிகளுக்கும் வந்து சேர்கிறது.

ஏரியை வெட்டுவது அரசனால் ஆகும். ஆனால் ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை கரையும், மதகு சிதையும். அதற்கெல்லாம் அரசன் வந்துகொண்டிருக்க முடியுமா? பாலாற்றுக்குத் தெற்கே இருக்கும் உத்தரமேரூரில், 919-லும் 921-லும் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறித்த கல்வெட்டுகள் இதற்கு விடை சொல்கின்றன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். குடத்தில் ஓலையிட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக் கூடாது! இங்கிலாந்தில் கரையில் உட்காரச் சீட்டுக் குலுக்கினார்கள் என்றால், இங்கே கரையைக் காக்கச் சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள்.

சரி, பணத்துக்கு வழி? "பாசிப்பாட்டம்" என்று ஒரு சொல் பழைய கல்வெட்டுகளில் வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தும் குத்தகை அது. அந்த வருமானத்தை ஏரியில் வண்டல் எடுக்கவும் கரையைப் பலப்படுத்தவும் என்றே பல ஊர்களில் ஒதுக்கி வைத்தார்கள். அதாவது, ஏரி மீனை வளர்த்தது. மீன் ஏரியைக் கட்டிக் காத்தது. பின்னால் கம்பெனி ஆட்சியும் கலெக்டர் ஆட்சியும் வந்தன. பல ஏரிகளின் மீன் குத்தகைப் பணம் கஜானாவுக்குப் போயிற்று. வண்டல் மட்டும் ஏரியிலேயே தங்கிவிட்டது.

வண்டலை வெட்டி எடுத்துவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து இந்த வட்டாரத்துக்குத் தோல் பதனிடும் சாலைகளிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறிய தோல், பிறகு குரோமிய உப்பில் ஊறலாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தத் தொழில் சோறு போட்டது, இன்றும் போடுகிறது. ஆனால் அதன் கழிவு நீர் வயலிலும் வாய்க்காலிலும் ஓடிப் பாலாற்றை அடைந்தது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்ற செய்தி, 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பிலேயே இடம் பெற்றிருக்கிறது. கெடுத்தவனே நஷ்டஈடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. வேலூர் வட்டாரக் குடிமக்கள் தொடுத்த வழக்கின் பலன். அதற்குப் பின்னும், 2025 ஜனவரியில், நஷ்டஈட்டைப் பற்றி அதே கோர்ட் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

பந்தயக்காரனுக்கும் திருவிழாக்காரனுக்கும் வாரியக்காரனுக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேற்றுமை இல்லை. தண்ணீரில் மீன் உயிரோடு இருக்கும் என்பதை மூவரும் சந்தேகமில்லாமல் நம்பியிருந்தார்கள். நம் காலத்தில்தான் அதைச் சந்தேகிக்க வேண்டி வந்திருக்கிறது. ஆகவே, ராணிப்பேட்டைப் பக்கத்து ஏரி ஒன்றில் யாராவது தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கக் கண்டால், அவனை வேலை வெட்டி இல்லாதவன் என்று சொல்லிவிட வேண்டாம். மீன் அகப்பட்டதா என்று கேளுங்கள். அந்த மீனைத் தன் குழந்தைக்குக் கொடுப்பானா என்றும் கேளுங்கள். தயங்காமல் "கொடுப்பேன்" என்று அவன் சொல்லக் கூடிய ஏரிக்கு, எங்கோ ஓர் ஏரி வாரியம் கணக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.