பொங்கலுக்கு பெயின்ட் அடிக்கப் போறீங்களா? முதல்ல சுவரைக் கவனிங்க!

கார்த்திகை மழை ஓய்ந்ததுமே தெருவுக்குத் தெரு சாரம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பொங்கலுக்குள் வீட்டைப் புதுசாக்கிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். "ரெண்டே நாள்ல முடிச்சுடலாம் சார்" என்பார் பெயின்டர். அடித்த புதிதில் சுவர் பளிச்சென்று இருக்கும். அடுத்த ஐப்பசிக்குள் காம்பவுண்டு சுவரின் அடிப்பகுதி கொப்புளம் கொப்புளமாக உப்பி, அப்பளம்போல உரிந்து விழும். உடனே பெயின்ட் கம்பெனியைத் திட்டுவோம். பெரும்பாலும் கோளாறு டப்பாவில் இருக்காது. பெயின்ட்டுக்கு அடியில் இருந்த ஈரத்திலும் தூசியிலும்தான் இருக்கும்.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது சுண்ணாம்புக் காலத்து வழக்கம். சுண்ணாம்பு மூச்சுவிடும் பூச்சு. சுவரில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அதன் வழியே ஆவியாகிவிடும். இன்றைய எமல்ஷன், சுவர்மேல் தோல்போலப் படிகிறது. உள்ளே சிக்கிய நீர் வெளியேறப் பார்க்கும்போது அந்தத் தோலையே தூக்கிவிடுகிறது. மழையில் ஊறிய சுவர் உலர அவகாசம் வேண்டும். முடிந்தால் மாசி, பங்குனிக்குத் தள்ளிப் போடுங்கள்.

நீங்களே செய்யக்கூடிய 3 சோதனைகள்

1. உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கையில் மாவுபோல ஒட்டினால் பழைய பெயின்ட் செத்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் எதை அடித்தாலும் நிற்காது.

2. பழைய பெயின்ட்டில் பிளேடால் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டியே ஆக வேண்டும்.

3. ஒன்றரை அடி சதுரமுள்ள பிளாஸ்டிக் ஷீட்டின் நான்கு ஓரங்களையும் காற்று புகாதபடி டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் ஷீட்டின் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதி, சன்ஷேடு மேல்புறம், கசியும் குழாய் இணைப்பு, உடைந்த மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டிக் குவித்த மண், தினமும் தண்ணீர் ஊற்றும் தொட்டிச்செடிகள் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தால் பெயின்ட்டால் தீராது. முதலில் அந்த வழியை அடைக்க வேண்டும்.

பாசி, உப்பு

கறுப்பாகவும் பச்சையாகவும் படிந்த பாசியைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் தூளாகப் பறந்து வேறு இடத்தில் ஒட்டும். நனைத்து, கெட்டி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பிறகு ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவிவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். பக்கத்துச் செடிகளை மூடிவையுங்கள். பிளீச்சோடு ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

வெள்ளையாகப் பூத்த உப்புக்கு இதற்கு நேர்மாறான வைத்தியம். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் மீண்டும் பூக்கும். காய்ந்த நிலையில் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். திரும்பப் பூத்தால் ஈரம் இன்னும் வருகிறது.

பிரஷர் வாஷர் வைத்துக் கழுவினால் முனையைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். விரிசலுக்குள் நேராகப் பீய்ச்சக் கூடாது. கழுவிய பின் குறைந்தது இரண்டு, மூன்று நாள் வெயிலில் காயட்டும்.

சுரண்டுதல்

உப்பியதையும் உரிந்ததையும் பட்டித்தகடு, கம்பி பிரஷ் கொண்டு எடுத்துவிட்டு, ஓரங்களை உப்புத்தாளால் மழுப்புங்கள். பழைய சுண்ணாம்பு இருந்தால் முழுவதும் சுரண்டியாக வேண்டும். வீட்டு பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சாக இருந்தால், குறிப்பாக எனாமலாக இருந்தால், நனைத்தே தேயுங்கள். மாஸ்க் போடுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

விரிசல்: எது சாதாரணம், எது ஆபத்து?

முடி அளவு விரிசலைச் சுத்தம் செய்து, வெளிச்சுவருக்கான கிராக் ஃபில்லர் நிரப்பினால் போதும். கொஞ்சம் பெரியதை 'வி' வடிவில் கீறி அகலப்படுத்தி, தூசி தட்டி நிரப்ப வேண்டும். மேலே பட்டி தடவி மறைத்தால் மறுபடி வாய் பிளக்கும். விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். சில வாரங்களில் கோட்டைத் தாண்டிப் போனாலோ, படிக்கட்டுபோலக் குறுக்காக ஓடினாலோ, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தாலோ பெயின்டரை விட்டுவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

சன்ஷேடு, பால்கனி அடியில் துருக்கறை கோடுபோலத் தெரிகிறதா? உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது. கடலோர ஊர்களில் இது சகஜம். உடைந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவை நீக்கி, துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். சும்மா பட்டி பார்த்து மூடினால் ஒருநாள் துண்டாக விழும். அது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

புதிதாகப் பூசிய இடத்துக்கு ஒரு வாரம் தண்ணீர் காட்டி, மொத்தம் நான்கு வாரம் விட்ட பிறகே ப்ரைமர்.

பட்டியும் ப்ரைமரும்

உள்சுவருக்கான அக்ரிலிக் பட்டியை வெளியே பயன்படுத்தாதீர்கள். மழைக்கு ஊறிப் பெயர்ந்துவிடும். ஒயிட் சிமென்ட் பட்டியை, தேவையான இடத்தில் மெல்லிசாகப் போட்டால் போதும். தேய்த்த தூசியைத் துடைத்துவிட்டு, வெளிச்சுவர் ப்ரைமர் அடியுங்கள். கொதிக்கும் சுவரில் அடித்தால் ப்ரைமர் ஊடுருவும் முன்பே காய்ந்துவிடும். மேற்குச் சுவரைக் காலையிலும், கிழக்குச் சுவரை மதியத்துக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். சாரத்தில் ஏறுபவருக்கு பாதுகாப்பு பெல்ட் உண்டா, ஈ.பி. ஒயர் பக்கத்தில் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கூலி பேசும்போது...

சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால், அவசரத்தில் முதலில் காணாமல் போவது சுவர் வேலைதான். கழுவுதல், சுரண்டுதல், விரிசல் அடைத்தல், ப்ரைமர் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ப்ரைமர் அடிக்கும் முன் ஒருமுறை நீங்களே உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். பட்ஜெட் இடித்தால் பெயின்ட்டில் ஒரு படி சாதாரண ரகம் வாங்கிக்கொள்ளலாம். சுவர் வேலையில் மட்டும் கை வைக்காதீர்கள்.