பல மின்னஞ்சல் கணக்குகள், ஒரே மென்பொருள்

ஒருவருக்குள்ள பல மின்னஞ்சல் முகவரிகளைக் கணினியில் ஒரே அஞ்சல் மென்பொருளில் சேர்த்துக் கையாளும் முறை. மலேசியாவில் இதற்கான தேவை படிப்படியாக எழுந்தது. 1990களில் இணைய இணைப்போடு ஜாரிங் அல்லது டிஎம்நெட் நிறுவனத்தின் முகவரி ஒன்று கிடைத்தது, பின்னர் ஹாட்மெயில், யாஹூ, 2004இல் ஜிமெயில். பழையதை விட மனமில்லை, புதியதும் வேண்டியிருந்தது.

அன்று அஞ்சல் மென்பொருள்களில் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் யூடோராவும் பரவலாக இருந்தன. 2004 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பைக் கண்ட தண்டர்பேர்ட் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லாக் கணக்குகளின் உள்பெட்டிகளையும் அது ஒன்றாகவும் காட்டும், தனித்தனியாகவும் காட்டும்.

கணக்கைச் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியது அஞ்சலைப் பெறும் நெறிமுறை: பாப் (POP) அல்லது ஐமேப் (IMAP). பாப் முறை அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும். வழங்கியில் படி விட்டுவைக்கச் சொல்லாவிட்டால் அங்கே அழிந்துவிடும். ஐமேப் முறையில் அஞ்சல் வழங்கியிலேயே இருக்கும்; கைப்பேசியில் படித்தது கணினியிலும் படித்ததாகவே தெரியும். ஆனால் ஓரிடத்தில் அழித்தால் எங்கும் அழியும்.

அனுப்புநர் முகவரிதான் அடிக்கடி சறுக்கும் இடம். வங்கிக்கான கடிதத்தைப் பள்ளிப் பருவத்தில் வேடிக்கைப் பெயரில் தொடங்கிய முகவரியிலிருந்து அனுப்பிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வோர் உண்டு. பதில் எழுதும்போது அஞ்சல் வந்துசேர்ந்த நம் முகவரியையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். புதிய கடிதத்தில் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

யூனிகோடுக்கு முன் தமிழ் மடலுக்கு இன்னொரு சிக்கல்: இரு தரப்பிலும் ஒரே குறியாக்க எழுத்துரு வேண்டும். மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் அக்காலத்தில் பலருக்குக் கைகொடுத்தது.

2022 முதல் ஜிமெயிலின் தனிநபர் கணக்குகளை அஞ்சல் மென்பொருளில் சேர்க்க வெறும் கடவுச்சொல் போதாது. உலாவிவழி அனுமதியோ செயலிக்கான தனிக் கடவுச்சொல்லோ தேவை.