சிந்தப்பட்ட இரத்தத்திற்கு யார் பொறுப்பு?

 



விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் மாவட்டத் தலைநகரில் இல்லை; நமது ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்துள்ளது. இராஜபாளையம், சிவகாசி, சாத்தூர் எனப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வழக்குகளுக்காக இங்கு வந்து செல்வதை நாம் காண்கிறோம். வரப்புத் தகராறில் ஒருவன் மற்றவனை வெட்டிக் கொன்றால் அவன் கூண்டில் நிறுத்தப்படுகிறான். சாட்சிகள் அழைக்கப்படுகிறார்கள். தீர்ப்பு வழங்கப்படுகிறது. ஆனால் கொன்றவன் அரசின் சீருடை அணிந்தவனாக இருந்தால்? கொல்லுமாறு ஆணையிட்டவர் அதிகாரப் பீடத்தில் அமர்ந்திருப்பவராக இருந்தால்? அவரைக் கூண்டுக்கு அழைப்பது யார்?

இக்கேள்வி நம் மண்ணுக்குப் புதியதன்று. நமக்கு அருகிலுள்ள மதுரையில், தீர விசாரியாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியனின் அவையில் கண்ணகி நீதி கேட்டு நின்றதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. தன் தவறு வெளிப்பட்டதும் அரியணையிலேயே அம்மன்னன் உயிர் நீத்தான் என்கிறது அக்காப்பியம். காப்பியத்தில் அரசனின் மனசாட்சியே நீதிபதியாகிவிட்டது. வரலாற்றிலோ அத்தகைய அரசர்கள் அரிது. எனவேதான் சட்டம் தேவைப்படுகிறது.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில்...

மக்கா வெற்றிக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் காலித் பின் வலீத் (ரலி) அவர்களை பனூ ஜதீமா குலத்தாரிடம் அனுப்பினார்கள். இஸ்லாத்தின்பால் அழைக்கவே அவர்கள் அனுப்பப்பட்டார்கள்; போரிடுவதற்காக அன்று. அக்குலத்தார் தாங்கள் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டதைச் சரியான சொல்லால் சொல்லத் தெரியாமல், மதம் மாறிவிட்டோம் என்ற பொருளில் வேறொரு சொல்லைச் சொன்னார்கள். காலித் (ரலி) அவர்கள் அதனை ஏற்கவில்லை. பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் கைதிகளாக்கப்பட்டு, படையினர் ஒவ்வொருவரிடமும் ஒருவராக ஒப்படைக்கப்பட்டனர். பின்னர் ஒருநாள், அவரவர் தம் கைதியைக் கொல்ல வேண்டும் என்ற ஆணை பிறந்தது.

அப்போதுதான் அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள் எழுந்து மறுத்தார்கள். தாமும் தம் கைதியைக் கொல்வதில்லை, தம் தோழர்களும் கொல்வதில்லை என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுக் கூறினார்கள். செய்தி மதீனாவின் தலைவரை எட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் தம் கரங்களை உயர்த்தி, காலித் செய்ததற்கும் தமக்கும் தொடர்பில்லை என இருமுறை இறைவனிடம் முறையிட்டார்கள். இதனை இப்னு உமர் (ரலி) அவர்களே அறிவிக்க, ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

பின்னர் அலீ (ரலி) அவர்கள் பொருளுடன் அனுப்பப்பட்டு, கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் இரத்த ஈட்டுத் தொகை வழங்கினார்கள். நாய்க்கு நீர் வைக்கும் பாத்திரத்திற்குக்கூட ஈடு கொடுக்கப்பட்டதாக இப்னு இஸ்ஹாக் அவர்களின் சீரா கூறுகிறது.

காலித் (ரலி) அவர்கள் வேண்டுமென்றே அநீதி இழைக்கவில்லை. சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றே அறிஞர்கள் விளக்குகின்றனர். அப்படியிருந்தும் தவறு மூடி மறைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தலைவர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். ஈடு வழங்கப்பட்டது. ஆணைக்குக் கீழ்ப்படிய மறுத்தவர்கள் தண்டிக்கப்படவில்லை. பாவமான காரியத்தில் எந்தத் தலைவருக்கும் கீழ்ப்படிதல் இல்லை என்பது நபிவழி வகுத்த விதி. "மேலிடத்து உத்தரவு" என்ற சாக்கு அன்றே தகர்க்கப்பட்டுவிட்டது.

ரமளானின் கடைசி வெள்ளி

இனி நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்வுக்கு வருவோம். அங்கே ஆணைக்கு மறுப்புச் சொல்ல ஓர் இப்னு உமர் இருக்கவில்லை.

1987 மே 22. ரமளானின் கடைசி வெள்ளிக்கிழமை. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் கலவரம் நிகழ்ந்திருந்த நேரம். ஹாஷிம்புரா பகுதியில் சோதனை நடத்தியபின், நாற்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களை மாகாண ஆயுதக் காவல் படையினர் தங்கள் லாரியில் ஏற்றிச் சென்றனர். முராத்நகர் அருகே கங்கைக் கால்வாய்க் கரையிலும், பின்னர் ஹிண்டன் ஆற்றுப் பகுதியிலும் அவர்களைச் சுட்டு நீரில் எறிந்தனர். 38 பேர் கொல்லப்பட்டதாக நீதிமன்றம் பின்னர் தீர்மானித்தது. குண்டடிபட்டு உயிர் தப்பிய ஐவர் சாட்சி கூறினர்.

அன்று காஸியாபாத் காவல்துறைக் கண்காணிப்பாளராக இருந்த விபூதி நாராயண் ராய் வழக்குப் பதிவு செய்ய வைத்தார். இல்லையெனில் அந்தக் கால்வாயோடு உண்மையும் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். ஆனாலும் குற்றப்பத்திரிகை தாக்கலாக 1996 ஆகிவிட்டது. பிடியாணை மேல் பிடியாணை பிறப்பித்தும் குற்றம் சாட்டப்பட்ட 19 பேரும் நீண்டகாலம் நீதிமன்றம் வரவில்லை. பணியில் மட்டும் தொடர்ந்தனர்! பாதிக்கப்பட்டோரின் முறையீட்டால் 2002இல் உச்சநீதிமன்றம் வழக்கை டெல்லிக்கு மாற்றியது. 2015 மார்ச்சில், சுட்டவர்கள் இவர்கள்தாம் என்பது ஐயமற நிறுவப்படவில்லை எனக் கூறி, அப்போது உயிருடன் இருந்த 16 பேரையும் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது.

குடும்பத்தார் ஓயவில்லை. அன்றைய நாளில் யார் யார் பணியில் இருந்தனர் என்பதைக் காட்டும் படைப்பிரிவின் பொதுக் குறிப்பேடு, மேல்முறையீட்டின்போது கூடுதல் சாட்சியமாகப் பதிவு செய்யப்பட்டது. 2018 அக்டோபர் 31 அன்று டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதிகள் எஸ். முரளிதர், வினோத் கோயல் ஆகியோர் 16 பேருக்கும் ஆயுள் தண்டனை விதித்தனர். 31 ஆண்டுகள்! 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவர்களுள் சிலருக்குப் பிணை வழங்கியது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஆனால் கூண்டில் நின்றவர்கள் அனைவரும் கீழ்நிலைப் பணியாளர்களே. உயர் அதிகாரியோ, அமைச்சரோ அவர்களுள் ஒருவர்கூட இல்லை. துப்பாக்கி ஏந்திய கையோடு நீதி நின்றுவிட்டது.

அதிகாரத்தின் படிகளில் ஏறிய நீதி

அதே இரு நீதிபதிகள், ஏழு வாரத்திற்குள், 2018 டிசம்பர் 17 அன்று மற்றொரு தீர்ப்பு அளித்தனர். 1984 நவம்பரில் டெல்லி ராஜ் நகரில் ஐந்து சீக்கியர்கள் கொல்லப்பட்ட வழக்கு அது. கணவரையும் மகனையும் பறிகொடுத்த ஒரு பெண்மணி 34 ஆண்டுகள் தம் சாட்சியத்தில் உறுதியாக நின்றார். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் முழுவதும் சிறை விதிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் மற்றொரு வழக்கிலும் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இனப்படுகொலையும் மானுடத்திற்கு எதிரான குற்றங்களும் நம் உள்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. இந்த ஓட்டையை விரைந்து அடைக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு வலியுறுத்தியது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையிலும் இந்தியா சேரவில்லை.

ஒரு நாட்டின் அதிபரையே கூண்டில் நிறுத்த முடியுமா? முடிந்திருக்கிறது! ஆப்பிரிக்காவின் சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிஸேன் ஹப்ரே, பதவி இழந்து செனகலுக்குத் தப்பிச் சென்றார். அவருடைய சிறையிலிருந்து மீண்ட ஒரு கணக்கர், சக கைதிகள் நூற்றுக்கணக்கானோரின் வாக்குமூலங்களைத் திரட்டி மறைத்துப் பாதுகாத்தார். 2000இல் வழக்கு தொடுக்கப்பட்டது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ஆதரவுடன் டக்காரில் அமைந்த தனி நீதிமன்றம், 2016 மே 30 அன்று ஹப்ரேவுக்கு ஆயுள் தண்டனை அளித்தது. 2021இல் தண்டனைக் கைதியாகவே அவர் இறந்தார்.

ஹப்ரே முஸ்லிம் பெயர் தாங்கியவர். அவருக்காக நாம் பரிந்து பேசலாமா? ஒருபோதும் கூடாது! தனக்கும் தன் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்கே சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஹாஷிம்புராவுக்காகக் கண்ணீர் வடிப்பவர், டெல்லிச் சீக்கியருக்காகவும் சாட் நாட்டுக் கைதிகளுக்காகவும் அதே நீதியைக் கேட்க வேண்டும்.

நம் கடமை என்ன?

சகோதரர்களே! இம்மூன்று வழக்குகளிலும் வென்றது ஆயுதமன்று. காக்கப்பட்ட ஏடும் விலைபோகாத சாட்சியுமே. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குள்ளானது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் எச்சரிக்கிறது.

ஆகவே, அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவர் இலவசமாகப் பெற உரிமை உண்டு. காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவர் விசாரணை நடத்த வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட ஓராண்டுக் கெடு உண்டு. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த முன் அனுமதி வேண்டும் என்பது நெடுங்காலத் தடையாக இருந்து வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, 120 நாட்களில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி வழங்கியதாகவே கருதப்படும் என்கிறது. வழக்கு நடத்த வசதியற்றோருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

இவ்வுலக நீதிமன்றத்தில் தப்பியவர்களும் தப்ப முடியாத மறுமை நாள் ஒன்று உண்டு. ஆனால் மறுமையைக் காரணம் காட்டி இம்மையின் கடமையை விட்டுவிட நமக்கு அனுமதி இல்லை. அஞ்சாமல் சாட்சி சொல்லும் மக்களாக, தவறான ஆணையை மறுக்கும் துணிவுடையோராக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.