மேல் எல்லை, கீழ் எல்லை: ஜாவாவுக்கு இவை ஏன் தேவைப்பட்டன?



நிரலாக்கம் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் ஜாவாவின் 'எக்ஸ்டெண்ட்ஸ்', 'சூப்பர்' என்ற இரண்டையும் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அவை வந்த வரலாறு தெரிந்தால் மனனமே தேவையில்லை.

1995இல் சன் நிறுவனம் ஜாவாவை அறிமுகம் செய்தபோது அதில் ஜெனரிக் வசதி இருக்கவில்லை. எல்லா வகை அணிகளுக்கும் பொதுவாக ஒரே செயற்கூற்றை எழுத வழி வேண்டுமே! அதற்காக, மாம்பழ அணியைப் பழ அணியாகவும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மாம்பழப் பெட்டியைப் 'பழப் பெட்டி' என்று சொல்லி ஒருவரிடம் கொடுத்தால், அவர் அதற்குள் அன்னாசியையும் போடலாம் அல்லவா? நிரலை எழுதும்போது ஜாவா இதைத் தடுக்காது. ஓடும்போதுதான் பிழை காட்டி நிற்கும். எழுதியவர் காண வேண்டிய பிழையைப் பாவனையாளர் காண நேரிடும்.

தீர்வுக்கான சிந்தனை ஜாவாவுக்கு முந்தியது. எந்த வகையும் வரலாம், ஆனால் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற கருத்தை லூக்கா கார்டெல்லியும் பீட்டர் வெக்னரும் 1985இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முறைப்படுத்தினார்கள். 1998இல் மார்ட்டின் ஒடர்ஸ்கி, பிலிப் வாட்லர் உள்ளிட்ட நால்வர், ஜாவாவில் ஜெனரிக் வசதியைச் சேர்க்கும் திட்டத்தை வெளியிட்டார்கள். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சன் நிறுவனத்தினரும் சேர்ந்து 'வைல்ட்கார்ட்' முறையை வடிவமைத்தார்கள். 2004இல் ஜாவா 5 இவற்றைக் கொண்டு வந்தது.

மேல் எல்லை என்றால், பழம் அல்லது அதன் உட்பிரிவு. பெட்டிக்குள் இருப்பது எதுவானாலும் பழம்தான், நம்பி எடுக்கலாம். ஆனால் அது மாம்பழப் பெட்டியா, அன்னாசிப் பெட்டியா என்று தெரியாது. ஆகவே புதிதாக எந்தப் பழத்தையும் போட முடியாது.

கீழ் எல்லை என்றால், மாம்பழம் அல்லது அதற்கு மேலான வகை. மாம்பழப் பெட்டி, பழப் பெட்டி, எல்லாப் பொருளும் வைக்கும் பெட்டி, எதுவானாலும் மாம்பழத்தைத் தயங்காமல் போடலாம். எடுக்கும்போதோ, கைக்கு வருவது மாம்பழம்தான் என்று உறுதி சொல்ல முடியாது.

எடுப்பதற்கு எக்ஸ்டெண்ட்ஸ், போடுவதற்கு சூப்பர். 'எஃபெக்டிவ் ஜாவா' நூலின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜோசுவா புளொக் இதை ஒரு சூத்திரமாகவே தந்திருக்கிறார்.

ஒரு விதியைப் படிக்கும்போது, இது இல்லாவிட்டால் என்ன பழுதாகும் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஜாவாவின் அணிகளில் அந்தப் பழைய ஓட்டை இன்றும் அடைபடவில்லை. வீட்டுக் கணினியில் நான்கு வரி எழுதி ஓட்டிப் பார்த்தால் அவர்களே கண்டுகொள்வார்கள்.