கிழக்கும் மேற்கும்: இரு தொடக்ககால நாவல்கள்

துருக்கிய மொழியில் நாவல் தோன்றிய தொடக்க நாட்களில், 1875-ஆம் ஆண்டு, அகமது மிதாத் என்பார் இரு இளைஞரின் கதையை எழுதினார். ஃபெலாத்துன் மேனாட்டு ஆடம்பரத்தையே நாகரிகமெனக் கொண்டு தந்தை தேடிய பொருளை அழிக்கிறான். ராக்கிம் பிரெஞ்சு மொழியைக் கற்று, அதனால் பொருளீட்டித் தன் மரபையும் காக்கிறான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1879-இல், தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆங்கிலேயர் ஆட்சியில் முன்சீபாகப் பணிபுரிந்தவர். மேனாட்டுக் கல்வியை அவர் வெறுத்தாரல்லர். நாவல் என்னும் வடிவமே அங்கிருந்து பெற்றதன்றோ! ஆயினும், தமிழர் கூடிய நீதிமன்றத்தில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதை அந்நாவலிலேயே கண்டித்தார். தன் நிலத்தைப் பற்றிய வழக்கே தனக்கு விளங்காத குடியானவன் நீதியை எங்ஙனம் அறிவான்?

இங்கே ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. உதுமானிய அரசு 1839 முதல் தானே சீர்திருத்தங்களை மேற்கொண்டது. நமக்கோ மேற்கு அயலாட்சியோடு வந்தது. ஆதலின் அங்கே ஆடம்பரம் நகைப்புக்குரியதாயிற்று. இங்கே அதிகாரத்தின் மொழி வினாவுக்குரியதாயிற்று.

அவ்வினா இன்னும் பழையதாகிவிடவில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒலிக்கும் ஓசூர் எல்லையில், ஜூஜுவாடியைச் சுற்றிப் புதுத் தொழில்கள் வளர்ந்துள்ளன. பிறநாட்டு நுட்பத்தைக் கற்பதில் இழிவொன்றுமில்லை. ஆனால் அதனை இயக்கும் தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் அது சொல்லப்படுகிறதா? வேதநாயகர் வழியில் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.