ஒப்பந்த வண்டியும் கெடார் சாலையும்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் ரயில் மாம்பழப்பட்டு, திருக்கோவிலூர் வழியே போகிறது. சாலை காணை, கெடார், கண்டாச்சிபுரம் வழியே போகிறது. இந்தச் சாலையோரம் வாடகைக் கார் வைத்தவர் ஒன்றிரண்டு வண்டிக்கு மேல் பெருக்குவது ஏன் அரிது? ஊரில் பணமில்லை என்பது வழக்கமான பதில். சட்டம் வகுத்த வரம்புதான் பெரிய காரணம் என்பது என் கட்சி. 1930களில் பேருந்துகள் ரயில்வேயின் வருமானத்தைத் தின்பதாக, சாலை–ரயில் போட்டியை ஆராய்ந்த மிட்செல்–கிர்க்னஸ் அறிக்கை கணக்குக் காட்டியது. சாலையையும் ரயிலையும் இசைவிப்பது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றானது. அதற்காகப் பர்மிட் எண்ணிக்கைக்குப் பூட்டு விழுந்தது; தண்டவாளம் தொடாத கெடாருக்கும் அதே பூட்டு. எழுபதுகளில் ரயிலின் இடத்தை அரசுப் பேருந்து பிடித்தது: வழித்தடப் பேருந்துகளையும், மொத்தமாக வாடகைக்கு ஓடும் ஒப்பந்த வண்டிகளையும் எடுத்துக்கொள்ள 1973இல் தமிழகம் சட்டம் இயற்றியது, 1983இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. இடையில் 1975இல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் பிறந்தது.

1988ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிக்கைப் பூட்டைத் திறந்தது. பர்மிட் கேட்டால் பொதுவாக மறுக்கக் கூடாது என்றது. வாடகைக் கார் உள்ளிட்ட ஒப்பந்த வண்டிகளுக்கு உச்சவரம்பு வைக்கும் அதிகாரத்தையும் ஐந்து லட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகரங்களோடு நிறுத்தியது. பிறகும் தொழில் பெருகாததற்குக் காரணம், ஒப்பந்தத்தில் இல்லாதவரை வழியில் நின்று ஏற்றக் கூடாது என்ற விதி. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் நோயாளியை இறக்கிய கார், முழு வாடகைக்கு வேறு ஆள் கிடைக்காவிட்டால், காலியாகத்தான் கெடார் திரும்ப வேண்டும். ஆகவே போகவர வாடகையை ஒருவரே சுமக்கிறார். அவ்வளவு கொடுப்பவர் கல்யாணத்துக்கும் அவசரத்துக்கும் மட்டுமே கார் பிடிப்பார். முகூர்த்த நாளில் வண்டி போதாது, மற்ற நாளில் நிற்கும். நிற்கிற வண்டிக்கும் தவணை உண்டு. இரண்டாவது காரை வாங்க யார் துணிவார்கள்?

இந்த விதியைத் தளர்த்தினால் கூட்டமுள்ள நேரத்தைக் கார்கள் அள்ளிக்கொள்ளும், மாணவர் பாஸும் 2021 முதல் பெண்களின் கட்டணமில்லாப் பயணமும் அரசுப் பேருந்தின் தலையில் விழும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் அரசே 1997இல் தனியார் மினி பஸ்ஸுக்கு வழி கண்டது: 20 கிலோமீட்டர் தடத்தில் 4 கிலோமீட்டர் மட்டுமே ஏற்கெனவே பேருந்து ஓடும் சாலையில் வரலாம் என்றது. பேருந்தையும் காத்து, உள்கிராமத்துக்கும் வண்டி விடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பாதுகாப்பு போய்விடும் என்ற வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. ஷேர் ஆட்டோக்கள் ஆளை அடைத்து ஓடத்தான் செய்கின்றன, தடையால் அவை மறையவில்லை, கணக்கிலிருந்துதான் மறைகின்றன. பேருந்து வராத கிளைச் சாலைகளிலாவது, திரும்பும் கார் ஆள் ஏற்ற அதே 4 கிலோமீட்டர் வரம்போடு அனுமதித்திருக்கலாம். 2025இல் வந்த புதிய மினி பஸ் திட்டம் தடத்தை 25 கிலோமீட்டராக நீட்டியது; ஆறு பேர் ஏறும் காருக்கு அதிலும் இடமில்லை.