கொட்டியாரத்தில் சிக்கிய கைதி

1638 மே மாதம் மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரின் கையை விட்டுப் போனது. புளியந்தீவில் அதை அவர்கள் கட்டிப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. பீரங்கிச் சத்தம் ஓய்ந்த கையோடு கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்துத் தளபதி வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிடிபடும் கோட்டைகளில் அரசன் விரும்பினால் ஒல்லாந்தர் காவற்படை நிறுத்தலாம் என்றது அரசனிடம் இருந்த பிரதி. ஒல்லாந்தர் பிரதியில் அந்த நிபந்தனையே இல்லை. 1658இல் போர்த்துக்கேயர் தீவை விட்டே துரத்தப்பட்டபோது, பிடித்த கரையோரத்தை ஒல்லாந்தர் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள்.

ஏமாந்த அரசன் அதன்பிறகு எந்த ஐரோப்பியனையும் நம்பவில்லை. கரை இறங்கியவர்களைப் பிடித்து மலைநாட்டில் வைத்துக்கொள்வது அவன் வழக்கமாகிவிட்டது. அந்த வலையில் விழுந்த ஒருவன்தான் ரொபர்ட் நொக்ஸ்.

புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் 1660இல் வெருகலுக்கு வடக்கே, கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. கப்பல் தலைவர் நொக்ஸின் தகப்பன். மூதூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் இருந்த அவரை அரசனின் ஆட்கள் பிடித்தார்கள். கப்பலை உள்ளே வரச் சொல்லும்படி பத்தொன்பது வயது மகனை அனுப்பினார்கள். தகப்பன் இரகசியமாகச் சொல்லியனுப்பியதோ வேறு: கப்பல் உள்ளே வரக்கூடாது, நீ மட்டும் திரும்பி வா. மகன் கப்பலேறிச் செய்தியைச் சொன்னான். அப்படியே தப்பிப் போயிருக்கலாம். போகவில்லை, சொன்ன சொல்லுக்காகக் கரைக்குத் திரும்பினான். அவன் எழுதிய புத்தகத்தில் இதைவிட என்னை உலுக்கிய இடம் இல்லை.

அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் மடிந்தார். பிரேதத்தைக் கழுத்தில் கட்டி இழுத்துப்போக ஊரார் மாட்டுக் கயிற்றை நீட்டினார்கள். காய்ச்சலோடு கிடந்த மகன் அதை மறுத்து, முறைப்படி அடக்கம் செய்தான்.

கைதி என்றாலும் விலங்கு இல்லை. ஊர்களில் பிரித்து விடப்பட்டவர்களுக்கு ஊரார் சோறு போட வேண்டும் என்பது அரச கட்டளை. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றான், கோழியும் பன்றியும் வளர்த்தான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். பிறகு ஸ்டீபன் ரட்லண்டோடு சில்லறைச் சாமான் விற்கும் சாக்கில் வடக்கே போய்த் தப்பும் வழியைத் தேடினான். வறட்சியில் குளத்துச் சேற்று நீரைக் குடித்து இருவரும் நோயில் விழுந்தார்கள். அதற்கு மருந்தாகக் கஞ்சா இலையைப் பொடித்துக் கருப்பட்டியோடு காலையும் மாலையும் வெறும் வயிற்றில் தின்னப் பழகினார்கள். தலை சுற்றும், வேறு கெடுதி இல்லை என்று எழுதிவைத்தான்.

1679 ஒக்டோபர் 18ஆம் திகதி இருவரும் அநுராதபுரம் வழியாக ஆற்றோரமாக நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார்கள். வழியில் கண்ட தமிழ் ஊர்களையும் வன்னியர் ஆட்சியையும் அவன் குறித்திருக்கிறான். 1681இல் இலண்டனில் அச்சான அந்த நூலைக் கண்டி இராச்சியத்தின் கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அது தொடங்குவது கொட்டியாரத்தில், முடிவது மன்னார்க் கரையில். அதற்குக் காரணமான வஞ்சகம் நடந்ததோ மட்டக்களப்பில். கிழக்கிலங்கை வாசகர் அதைத் தம் புத்தகமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கஞ்சாவின் கதை அதோடு முடியவில்லை. நொக்ஸ் சொன்னதைக் கேட்டு அறிஞர் ரொபர்ட் ஹூக் 1689 டிசம்பரில் இலண்டன் அரச கழகத்தில் அந்தச் செடியைப் பற்றி உரையாற்றினார். சித்தம் கலங்கியவர்களுக்கு அது உதவக்கூடும் என்று நினைத்தார், அதன் விதைகளையும் காட்டினார். அன்று அதைத் தடுக்க அங்கே சட்டம் இல்லை.

மன்னிக்க முடியாத பக்கம் ஒன்றும் உண்டு. ஊர் திரும்பிய நொக்ஸ் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் தலைவனாகி, மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கிச் சென்ற் ஹெலினாவுக்கு ஏற்றிப் போனான். பத்தொன்பது வருடம் அந்நிய மண்ணில் அடைபட்டுக் கிடந்தவன் அவன். அந்தப் பிற்கால வாழ்க்கையைத் தன் கையாலேயே எழுதி வைத்தான். அந்தக் கையெழுத்துப் பிரதி 1911இல்தான் அச்சேறியது.